அறியாது உண்டலும் அறியாதார்போல் உண்டலும்

சென்ற விடுமுறைக் காலத்திலே யாம் யப்பான் தேசத்துக் கியோட்டோ நகரத்திற் பன்னிரண்டு நாள் தங்கி மீண்டோம். மீண்ட சில நாளில், சைவ பாடசாலை ஆசிரியர் மூவர் ஒரு மாலைப்பொழுதில் எம்மைக் காண வந்திருந்து, அந்நகரத்துக் கோயில்களையும் தோட்டங்களையும் பற்றி நெடுநேரம் உசாவினர். இறுதியில் அவருள் மூத்தவர், "அதெல்லாம் இருக்கட்டும்; போசனத்துக்கு அங்கே என் செய்தீர்கள்?" என்று கேட்டார். "யாதொரு குறையும் இல்லை. பன்னிரண்டு நாளும் சைவமே உண்டோம்" என்று யாம் உடனே விடை சொன்னோம். அவர் பெரிதும் மகிழ்ந்தார். அவருள் இளையவர், தம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனை ஓர் உதாரணமாக எடுத்துச் சொல்லப் போவதாகக் கூறி விடைபெற்றுச் சென்றார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் செவ்வையாக வரவில்லை. யாம் சொன்ன விடை முழுப்பொய் அன்று, முழுமெய்யும் அன்று. அதனுள்ளே மறைந்து நின்ற செய்திகள் இரண்டு. ஒன்று, யாம் அறியாமல் உண்டது. மற்றையது, அறியாதார்போல இருந்து உண்டது. இவ்விரண்டும் வேறு என்பது எமக்கு அங்கே ஒருவாறு தெரிந்திருந்தும், எத்துணை வேறு என்பது விளங்கியது இங்கே வந்து அவ்விடையைச் சொன்ன பின்னரேயாம். பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதாயின் முழுவதையும் சொல்வதே முறை. ஆதலின் இதனை எழுதப் புகுந்தோம்.

கியோட்டோ 794ஆம் ஆண்டு தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேலாக யப்பானியச் சக்கரவர்த்திகளின் இராசதானியாய் விளங்கிய நகரம். காமோ என்னும் ஆறு அதனூடே வடக்கிருந்து தெற்கு நோக்கி ஓடும். அவ்வாற்றின் கீழ்கரைப் புறத்துச் சிறு தெருவொன்றிலே, சென்றடைந்த நாள் நண்பகல், பசி மிக்கவராய் ஒரு போசனசாலையின் முன் நின்றோம். அந்நாட்டுப் போசனசாலை வாயில்களிலே நோரென் என்னும் துணித்திரை தொங்கும். திரை தொங்குமாயின் கடை திறந்திருக்கின்றது என்பது குறிப்பு. பக்கத்திலே கண்ணாடிப் பேழையொன்றில் கிண்ணங் கிண்ணமாக உணவு வைக்கப்பட்டிருந்தது. அவை உணவல்ல, உணவின் போலிகள். முற்காலத்தில் மெழுகினாலும் இக்காலத்தில் பிளாத்திக்கினாலும் செய்யப்படுவன. இவாசாக்கி தக்கிசோ என்பவர் 1932ஆம் ஆண்டிலே ஒசாக்கா நகரில் இத்தொழிலை ஒரு வியாபாரமாகத் தொடங்கினார். மொழியறியாத வழிப்போக்கனுக்கு இஃது ஒரு பெரிய உபகாரமேயாம். விரலை நீட்டினாற் போதும். ஆயினும் போலியிலே நிறமும் வடிவும் தெரியுமேயன்றிச் சாற்றினுள்ளே கரைந்து நிற்பது தெரியாது.

யாம் நீட்டிய விரலுக்கு எதிரே இருந்தது உடொன் என்னும் பருத்த கோதுமை நூடில்ஸ். தெளிந்த சாற்றிலே அதனை இட்டு, சோயா அவரைப் பாலை உறைவித்துச் செய்யும் தோபுவை எண்ணெயிற் பொரித்து மேலே வைப்பர். உள்ளே சென்றிருந்தோம். எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டியார் ஒருவர் கை துடைக்க ஈரத்துவாலையும் குடிக்கத் தேநீரும் கொணர்ந்து வைத்தார். விமானத்திலே மனனஞ் செய்து வைத்திருந்த இரண்டு சொற்களை எடுத்து, "நிக்கு?" என்றும் "சக்கானா?" என்றும் வினாவினோம், முன்னையது இறைச்சி, பின்னையது மீன். அவர் நகைத்துக் கையை அசைத்து, இல்லை என்று சொன்னார். கிண்ணத்துள்ளும் குனிந்து பார்த்தோம். நூடில்சும் தோபுவும் வெங்காயத்தாளும் அன்றி வேறொன்றும் இல்லை. சாறு பொன்னிறமாய், பிறநாட்டு உணவாயினும் எங்கேயோ முன் அறிந்தது போன்ற ஒரு வாசனையுடையதாய் இருந்தது. கடைசித் துளிவரை குடித்து, இன்னுமொரு கிண்ணமும் கேட்டு வாங்கினோம். பணம் கொடுத்தபோது மீதியைச் சல்லியெண்ணித் திருப்பித் தந்தார். அந்நாட்டிலே பரிசாரகருக்கு மேற்காசு கொடுக்கும் வழக்கம் இல்லை.

மறுநாட் காலை நிஷிக்கி என்னும் அங்காடித் தெருவுக்குச் சென்றோம். மேலே கூரையிட்ட ஒடுங்கிய தெரு. நீளம் ஏறக்குறைய 390 மீற்றர். இருபுறமும் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். அங்கே ஒரு கடையில், முற்றிய மரக்கட்டை போன்ற ஒன்றனைச் சீவுளி பொருத்திய பெட்டியின்மேல் வைத்து ஒருவர் சீவிக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்பான சீவல்கள் மெல்லிதாய்ச் சுருண்டு விழுந்தன. தச்சுவேலை என்றே முதலில் நினைத்தோம். அணுகியபோது அவ்வாசனை எழுந்தது. முதனாட் கிண்ணத்து வாசனை அதுவே. அதற்கு முன்னரும் யாம் அதனை அறிவோம். கொழும்பிலே அடுத்த வீட்டார் சம்பலுக்காக உரலில் இடிக்கும்போது மதிலைக் கடந்து வருகின்ற அந்த வாசனை. மாசி!

அந்நாட்டார் அதனைக் கட்சுவோபுஷி என்பர். சூரை மீனைத் துண்டமாக்கி அவித்து, என்பு நீக்கி, விறகுப் புகையிலே பலமுறை வாட்டி, கல்லுப்போல வன்மையாகும்வரை உலர்த்துவது. மாலைதீவிலிருந்து எம்மிலங்கைக்கு வருகின்ற மாசியும் அதே மீன். அவித்தலும் புகையூட்டலும் உலர்த்தலும் அங்கும் உண்டு. சீவலைக் கொதிநீரில் இட்டு வடித்தெடுப்பது டாஷி என்னும் சாறு. உடொனும் அதிலேதான், காய்கறி அவிப்பதும் பெரும்பாலும் அதிலேதான். நம்மவர் சமையலில் உப்புப் போல அவர் சமையலில் அது எங்கும் பரந்து நிற்பது.

அம்மூதாட்டியார் எம்மிடம் பொய் சொன்னாரோ என்னும் வினா அங்கேயே எழுந்தது. எழுந்தபோது சிறிது சினமும் உடனெழுந்தது என்பதை மறைக்கமாட்டோம். ஆனால், ஆராயுங்கால், அவர் பொய் சொல்லவில்லை. நிக்கு என்னுஞ் சொல் அந்நாட்டு வழக்கிலே விலங்கு பறவைகளின் இறைச்சியையே குறிக்கும். தெம்மு சக்கரவர்த்தி 675ஆம் ஆண்டிலே மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி என்னும் இவற்றின் ஊனை உண்ணலாகாது என்று ஆணையிட்டபோதும் மீன் அதனுட் படவில்லை. 1872ஆம் ஆண்டிலே மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டிறைச்சி உண்டது ஒரு பெருஞ்செய்தியாயிற்று. மீனோ என்றும் இருந்தது. சக்கானா என்பது மீனே. ஆயினும், வடித்தெடுத்த சாற்றை மீன் என்று அந்நாட்டார் எவரும் எண்ணுவதில்லை. தட்டிலே மீனாகத் தோன்றுவதே மீன். ஆகவே அவர் கேட்ட வினாவுக்கு அவரறிந்த பொருளில் நேரான விடையே சொன்னார். எம்முடைய யாழ்ப்பாணத்து வழக்கை அவர் கேட்பின் இதனினும் அதிகம் மயங்குவார். மீனுக்குப் பெயராகிய வடசொல்லின் வழிவந்த மச்சம் என்பதனால் நாம் எல்லாப் புலாலுணவையும் குறிக்கின்றோம். ஆட்டிறைச்சி சமைத்த சட்டியும் மச்சச்சட்டிதான்! ஒரு சமயத்தின் பெயரைக் கத்தரிக்காய்க் கறிக்கு இட்டு வழங்குபவரும் நாமே. (அவரும் அவ்வகையிற் குறைந்தவரல்லர். பௌத்த மடங்களின் புலாலில்லா உணவை ஷோஜின் என்பர். அச்சொல், விடாமுயற்சி என்னும் பொருளில் வடமொழியார் வீரியம் என்பதன் மொழிபெயர்ப்பு. ஒழுக்கத்தின் பெயர் உணவின் பெயராயினது இரண்டிடத்தும் ஒக்கும்.)

குற்றம் வினாவிலே இருந்தது. ஆசிரியர்கள் இதனை எம்மினும் நன்கு அறிவர். வகுப்பிலே பாடம் முடிந்து, "எல்லாருக்கும் விளங்கியதோ?" என்று கேட்டால், விளங்கியது என்றே நாற்பது வாயும் சொல்லும். அஃது எப்பிள்ளையின் பொய்யும் அன்று. அவ்வினாவுக்கு வேறு விடை இல்லை. "இரண்டாம் வரியிலே ஏன் கழித்தோம்?" என்று கேட்டாலன்றோ எவனுக்கு விளங்கவில்லை என்பது வெளிப்படும். "இச்சாற்றை எதனைக் கொண்டு வடித்தீர்கள்?" என்று கேட்டிருப்போமாயின் அம்மூதாட்டியார் கட்சுவோபுஷியைக் கையிலெடுத்துக் காட்டியிருப்பார். கொழும்பிலும் யாம் பல ஆண்டாகச் சிற்றுண்டிக் கடைகளிலே, "சம்பல் சைவமோ?" என்று மட்டும் கேட்டு, "ஓம்" என்ற விடையோடு அமைந்திருக்கின்றோம். மாசி இட்டதோ என்று பெயர் சொல்லிக் கேட்டது எத்தனை முறை? நினைத்துப் பார்க்கையில் நிஷிக்கித் தெருவிலேயே வெட்கம் வந்தது.

இனி, உண்ட எமக்குக் குற்றம் உண்டோ எனின், முதனாட் செயலில் பெரிதும் இல்லை என்றே இன்றும் எண்ணுகின்றோம். அறிவதற்கு முயன்றோம், முயற்சி குறையுடையது, குறை அறியாமையால் வந்தது. அந்த இரண்டு கிண்ணத்தை நினைத்து வருந்தினோம், அன்றிரவு உண்ணாதிருந்தோம், அவ்வளவில் அது தீர்ந்தது. அதனைப் பற்றி இவ்வளவு மை செலவிட வேண்டியதில்லை.

நாலாம் நாளே எம்மை எழுதச் செய்தது.

அன்று பகல் முழுதும் மழை. நகருக்கு வெளியே ஒரு மலைக்கோயிலுக்குச் சென்று, வழி தவறி, இரவு ஒன்பது மணிக்கு நனைந்தவராய் மீண்டோம். யாம் தெரிந்து வைத்திருந்த கடைகளின் திரைகளெல்லாம் உள்ளே எடுக்கப்பட்டுவிட்டன. ஒரு முடுக்கிலே மட்டும் விளக்கு எரிந்தது, திரை அசைந்தது, ஆவி வெளியே வந்தது. உள்ளே இளைஞர் ஒருவர் தனியே சமைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிறிது ஆங்கிலமும் தெரியும். எமக்கோ அந்நாளில் டாஷி என்னும் சொல் நன்றாகத் தெரியும். அச்சொல்லைச் சொல்லிக் கேட்டால் என்ன விடை வரும் என்பதும் தெரியும். அவ்விடை வந்தால் மழையில் இறங்கி நடக்கவேண்டும் என்பதும் தெரியும். யாம் என் செய்தோம்? முதனாள் கேட்ட அவ்விரு சொற்களையே மீளவும் கேட்டோம். "நிக்கு?" "சக்கானா?" இல்லை, இல்லை என்றார். கிண்ணம் வந்தது. மூடியைத் திறந்தவுடன் அவ்வாசனை முகத்தில் அடித்தது. "அவர் இல்லையென்றாரே" என்று மனத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டு உண்டோம். சுவையாகவும் இருந்தது.

முதனாட் கேட்ட வினாவும் நாலாம் நாட் கேட்ட வினாவும் எழுத்தளவில் ஒன்றே. முன்னையது அறிதற்பொருட்டுக் கேட்டது. பின்னையது அறியாமலிருத்தற்பொருட்டுக் கேட்டது. சொல்லப்புகின் பின்னையது வினாவே அன்று. எமக்கு வேண்டிய விடையை முன்னரே எழுதிவைத்து, அவ்விளைஞரின் கையொப்பத்தை மட்டும் வாங்கினோம். யாம் சொல்லவேண்டிய பொய்யைக் குற்றமறியாத ஒருவர் வாயில் வைத்து, அவரை எமக்குச் சாட்சியாக்கினோம். ஒன்றும் கேளாமல் உண்டிருப்பினும் குற்றம் இத்துணை ஆகாது. அப்போது அது பசிக்குத் தோற்ற ஒருவனது குறையாய் எம்மளவில் நின்றிருக்கும்.

இவ்விடத்திலே சிலர் சில தடை நிகழ்த்துவர். அம்மீன் யாம் கடலைக் கடந்து செல்வதற்கு எத்தனையோ மாதம் முன்னரே இறந்தது. யாம் கிண்ணத்தைத் தள்ளினும் அது பிழைத்தெழாது. சாற்றிலே கரைந்த அணுவளவுக்கு இத்துணை ஆரவாரமோ என்பர். இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. பௌத்த துறவிகளின் விநய நூலிலே இதற்கு அயலான விதியொன்று உண்டு. ஐயமேற்கும் துறவி, ஊனுணவு தனக்கென்றே கொன்று சமைத்ததைக் கண்டானல்லன், கேட்டானல்லன், அவ்வாறென ஐயுற்றானுமல்லன் ஆயின் அதனை ஏற்கலாம் என்பது அது. எம்பொருட்டு ஒருயிரும் அன்று கொல்லப்படவில்லை என்பது மெய்யே. ஆயினும் அவ்விதி, கலத்தில் வீழ்ந்ததை ஏற்கும் இரப்போனுக்கு வகுத்தது. விரலை நீட்டி, விலை கொடுத்து, வேண்டியதைத் தெரிந்தெடுப்போனுக்கு வகுத்ததன்று. வாங்குவோர் வாங்குதலினாலேயே விற்போர் நாளையும் அடுகின்றனர். அன்றியும், ஐயுறாமை என்னும் மூன்றாவதை நோக்குக. அவ்விரவு எமக்கு ஐயம் இல்லாமலன்று. ஐயமே தெளிவாகி மூக்கின்முன் நின்றது. கைகொடுக்கும் என்று எண்ணி எடுத்த விதியே எமக்கு எதிராயிற்று.

வேறொரு தடை இதனினும் வலியது. அயல்நாட்டுக்குச் சென்றவன் அந்நாட்டு வழக்குக்கு அமைதல் மரியாதையன்றோ? தனியே நின்று பலருக்குச் சமைக்கின்ற ஒருவரை நிறுத்தி, இது யாது, அது யாது என்று துருவுதல் விருந்தினனுக்கு அழகோ? என்பர். இதற்கு யாம் விடை தேடுகையில், இலண்டனிலே 1888ஆம் ஆண்டு சட்டம் படிக்கச் சென்ற காந்தி அடிகள் தம் சரித்திரத்திலே எழுதிய ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. தாயார் முன்னே புலாலுண்ணேன் என்று சபதஞ் செய்து சென்றவர் அவர். நண்பரொருவர் அவரை நாடகத்துக்கு அழைத்து, அதற்கு முன் ஹோபர்ன் போசனசாலையில் விருந்திட்டார். அத்தகைய பெரிய இடத்திலே கூச்சத்தினால் ஒன்றுங் கேளாமல் உண்டுவிடுவார் என்பது நண்பரின் எண்ணம். முதலில் வந்தது சூப்பு. அது எதனாற் செய்யப்பட்டது என்று அறிய அவர் பரிசாரகரை அழைத்தார். நண்பருக்குச் சினம் மிகுந்தது. நல்லோர் கூட்டத்துக்கு நீ தகுதியற்றவன், வெளியே போய் வேறெங்காயினும் உண்டு வந்து காத்திரு என்றார். அவர் மகிழ்ச்சியோடு எழுந்து வெளியே போனார். அண்மையிலிருந்த மரக்கறிப் போசனசாலை மூடியிருந்தது. அவ்விரவு உண்ணாமலே நாடகம் பார்த்தார். நண்பரை அவர் பகைக்கவும் இல்லை.

பத்தொன்பது வயதினர் ஒருவர், அத்துணைப் பெரிய சபையில், ஒரு கிண்ணச் சூப்பைக் குறித்துக் கேட்டார். யாமோ ஒருவருமில்லாத முடுக்கிலே கேளாதிருந்தோம். மரியாதை என்னும் சொல் எமக்கு அங்கே ஒரு போர்வை. அவ்விளைஞரின் வேலைக்கு இடையூறாகும் என்று யாம் அப்போது எண்ணியதே இல்லை. அவ்வெண்ணம் உண்டு முடித்துத் தங்குமிடத்துக்கு நடக்கையில் எமக்கு நாமே கட்டியது. அவர் சரித்திரத்திலே இன்னொன்றும் உண்டு. முட்டை புலாலாகாது என்னும் வாதத்துக்கு இசைந்து சின்னாள் முட்டை உண்டார். பின்னர், சபதம் பெற்ற தாயார் புலால் என்னுஞ் சொல்லுக்கு யாது பொருள் கொண்டாரோ அதுவே தம்மைக் கட்டுவது என்று தெளிந்து விடுத்தார். சொல்லுக்குப் பல பொருள் இருக்கையில், நமக்கு வாய்ப்பான பொருளைத் தெரிந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை என்பது அதன் கருத்து. யாம் நாலாம் நாள் எடுத்தது அந்த உரிமையையே. சக்கானா என்பதற்கு எம் தாயார் கொள்ளும் பொருளை விடுத்து, கடைக்காரர் கொள்ளும் பொருளைக் கடன் வாங்கினோம்.

ஆயினும் கேட்பதிலும் ஒரு குற்றம் வரக்கூடும். வேறொரு நாள், மேல்நாட்டு வழிப்போக்கர் ஒருவர், தாம் உண்ணும் வகை இன்னதென்று அறியவில்லையே என்று பரிசாரகப் பெண்ணொருத்தியைப் பலர் முன்னே கடிந்துகொண்டிருந்ததைக் கண்டோம். விரதம் அவருடையது; அதன் பாரத்தை மட்டும் அப்பெண் சுமக்கவேண்டும் என்பது என்ன நியாயம்? கேட்போன் இல்லையென்னும் விடைக்கும், உண்டென்னும் விடைக்கும், எமக்குத் தெரியாது என்னும் விடைக்கும் ஒருப்பட்ட மனத்தோடு கேட்கவேண்டும். பசியோடு எழுந்து போகச் சித்தமில்லாதவனுக்குக் கேட்கும் தகுதி குறைவு.

ஆறாம் நாள், யாம் தங்கிய விடுதியில் இருந்த மாணவர் ஒருவர் எமக்கு ஒரு சிறு அட்டை எழுதித் தந்தார். இறைச்சி, மீன், மீனாலான டாஷி ஆகிய யாதும் கொள்ளேம். கொம்பு டாஷி கொள்வோம் என்பது அதன் வாசகம். (கொம்பு என்பது விலங்கின் கொம்பன்று, ஒருவகைக் கடற்பாசிக்கு அந்நாட்டார் இட்ட பெயர். அதனைக் கண்டு எவரும் திடுக்கிடவேண்டா.) அட்டையோடு சென்ற முதற்கடையில், முதியவர் ஒருவர் அதனை இருமுறை வாசித்தார், உள்ளே சென்று மனைவியாரை அழைத்து வந்தார், இருவரும் அடுப்பைப் பார்த்துப் பேசினர். பின்பு எம்முன்னே வந்து இரு கைகளையும் குறுக்காக வைத்து, இல்லை என்று காட்டித் தலை தாழ்த்தினார். அறிமுகமில்லாத புதியோரை ஏற்காத பழைய போசனசாலைகள் அந்நகரில் உண்டென்று கேட்டிருந்தோமாதலின், இதுவும் அவ்வகைபோலும் என்று எண்ணி வெளியே வந்தோம். முப்பது அடி நடந்திருப்போம். பின்னே மரச்செருப்பின் ஓசை. மேற்கட்டிய சமையற்றுணியோடு அம்முதியவர் ஓடி வந்து, தெருமுனை வரையும் உடன் நடந்து, அப்பாலுள்ள ஒரு கோயில் மதிலைச் சுட்டி, "ஷோஜின், ஷோஜின்" என்று சொல்லி, மீண்டும் தலை தாழ்த்திவிட்டுத் திரும்பி ஓடினார்; அவர் கடையிலே வேறு மனிதர் காத்திருந்தனர்.

உண்டு முடிந்தவுடன் அந்நாட்டார் சொல்லும் நன்றிமொழியிலே சிசோ என்றொரு சொல் வரும். விருந்து என்பது அதன் பொருள்; எழுத்தின்படி பார்த்தால் ஓடித்திரிதல் என்பதாம். விருந்தினன் பொருட்டுப் பண்டம் தேடி ஓடித்திரிபவனது ஓட்டமே விருந்து என்று ஆயிற்று. யாம் அந்நகரத்திலே பெற்ற மேலான விருந்து, ஒரு பிடியும் உண்ணாத அக்கடையிலே பெற்றது. உண்டு என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கலாம், எம்மால் அறியமுடியாது. அவருக்கு உண்மை சொல்ல இடங்கொடுத்தது அந்த அட்டை ஒன்றே. நாலாம் நாள் இளைஞருக்கு அவ்விடத்தை யாம் கொடுக்கவில்லை.

கோயில் மதிற்பக்கத்துச் சாலையிலே சிவந்த மரக்கலங்களில் சிறிது சிறிதாக வைத்தனர். எள்ளுறைவு, பூசணி, கத்தரிக்காய், கோதுமையின் பசைப்பகுதியாற் செய்த பலகாரம், கடற்பாசியும் உலர்ந்த காளானும் ஊறவைத்து வடித்த சாறு. மீனின்றிச் சுவை வருமோ என்று ஐயுறுவோர், அக்கடற்பாசியிலேதான் 1908ஆம் ஆண்டு இக்கேதா கிக்குனாயே என்னும் இரசாயன நூலாசிரியர் உமாமி என்று தாம் பெயரிட்ட சுவையின் மூலத்தைப் பிரித்தெடுத்தார் என்பதை அறிக. அவர் கியோட்டோவிற் பிறந்தவர். மாசியிலுள்ள சுவைப்பொருளை அவர் மாணாக்கர் கொடாமா கண்டது 1913ஆம் ஆண்டில், கடற்பாசிக்குப் பின்னர்.

அவ்வுணவின் பரம்பரையிலே முன்னிற்பவர் தோகென் என்னும் துறவி. அவர் 1223ஆம் ஆண்டிலே சீனதேசத்துக்குச் சென்று, துறைமுகத்தில் நின்ற கப்பலிலேயே தங்கியிருக்கையில், தூரத்து மடமொன்றின் முதிய சமையற்காரர் உணவுப்பொருள் வாங்க வந்தார். இரவு தங்கிப் போமாறு தோகென் வேண்ட, நாளைச் சமையலை யான் செய்யவேண்டும் என்று அவர் மறுத்தார். இம்முதுமையில் தியானத்தை விடுத்துச் சமையலில் ஏன் உழல்கின்றீர் என்று கேட்க, வெளிநாட்டு நல்லவரே, சாதனம் இன்னது என்று உமக்கு இன்னும் தெரியவில்லை என்னும் கருத்துப்படச் சொல்லி நகைத்துப் போயினார். அந்நகைப்பைத் தோகென் மறக்கவில்லை. 1237ஆம் ஆண்டிலே மடத்துச் சமையற்காரருக்கு என்றே ஒரு நூல் எழுதினார். அட்டையைக் கையிற் பிடித்து அடுப்பைப் பார்த்துப் பேசிய அம்முதியவரும் மனைவியாரும், அந்நூலைப் படித்தவரோ அல்லரோ, அம்மரபினரே என்று எமக்குத் தோன்றியது.

இவற்றையெல்லாம் சென்ற ஞாயிற்றுக்கிழமை அவ்வாசிரியர் மூவரையும் மீண்டும் அழைத்துச் சொன்னோம். இளையவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூத்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, "அந்த முதனாட் கிழவிக்கு இதைச் சொன்னீர்களோ?" என்றார்.

சொல்லவில்லை. புறப்படும் நாட்காலை அத்தெருவழியே போனோம், திரை தொங்கியது, உள்ளே அவர் குரல் கேட்டது. அட்டை சட்டைப்பையில் இருந்தது. அதனைக் காட்டினால் தாம் முதனாள் எமக்கு ஊட்டியது யாதென்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்து அவர் வருந்துவார். காட்டாவிடின், நாளை எம்மைப்போல வருகின்ற இன்னொருவருக்கும் அவ்விடையே கிடைக்கும். வாயிலருகே சிறிது நேரம் நின்று, புகையிரதத்துக்கு நேரமாயிற்று என்று திரும்பிவிட்டோம். நேரம் இருந்தது.

மூத்தவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இளையவர் தாம், "அப்படியானால் பிள்ளைகளுக்கு எந்த நாளைச் சொல்வது, ஐயா?" என்று கேட்டார்.

"நாலாம் நாளை" என்றோம்.